தீவான் கட்டிய பாலித் தீவு

மெட்ராஸ் ராஜதானியில் தீவானைவிட உருப்படாத யோசனைக்காரர் யாரும் பிறந்திருக்க முடியாது. பிறந்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் என் ஜன்னலுக்கு டிக்கெட் வாங்க வந்திருப்பார், எனக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் நான் திருநின்றவூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். ரயில்வேக்காரன் பலகையில் 'திண்ணனூர்' என்று எழுதி வைத்திருந்தான். ஊர்க்காரர்கள் அதை மதிக்கவில்லை, ரயிலும் ஊரை மதிக்கவில்லை. வந்து ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு பெரிய ஏரி, சுற்றி நெல் வயல், ஆட்களைவிட அதிக எருமைகள். இதுதான் ஊர். இந்த ஊரைப் பார்க்க வெள்ளைக்காரன் கப்பலேறி வருவான், வந்து வாயைப் பிளப்பான் என்று ஒருத்தர் நம்பினார். நம்பினதோடு விட்டாரா? எங்களையும் படுத்தி எடுத்தார்.

அவர் பெயர் என்னவென்று கேட்காதீர்கள், ஊரிலேயே யாருக்கும் ஞாபகம் இல்லை. இளவயதில் சுமத்ராவுக்குப் புகையிலைத் தோட்டத்துக் கூலியாகப் போனவர். அங்கே ஒரு டச்சுத் துரைக்குச் சமையல்காரராகி, துரையோடு பாலித் தீவுக்குப் போய், கப்பல் பயணிகள் தங்கும் பங்களாவில் வருஷக்கணக்காக அடுப்பூதிவிட்டு, தலை நரைத்த பிறகு ஊர் திரும்பினார். தீவிலிருந்து வந்தவர் என்பதால் ஊரார் கேலியாகத் 'தீவான்' என்றார்கள். அவரோ அதைத் 'திவான்' என்றே காதில் வாங்கிக்கொண்டார். யாராவது கூப்பிட்டால் மார்பை நிமிர்த்திக்கொண்டு, புதுக்கோட்டை சமஸ்தானமே தன்னைக் கேட்டு ஆளனுப்பியதைப் போலத் திரும்புவார்.

அவருடைய கோலத்தைச் சொல்ல வேண்டும். இடுப்பில் பூப்போட்ட கைலி. தலையில் ஒரு துணி. அதன் முடிச்சு நெற்றிக்கு மேல் கொம்பு மாதிரி நிற்கும். காதில் ஒரு செம்பருத்திப் பூ. பாலியில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் பூ வைப்பார்களாம். காதில் செம்பருத்தி வைத்த ஆளை நம் ஊரில் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாளே ஜன்னலில் தலையை நுழைத்து, "துவான், பட்டணத்துக்கு ஒண்ணு குடு" என்றார். அந்தத் தீவுப் பக்கத்தில் 'துவான்' என்றால் ஐயா என்று அர்த்தமாம். டிக்கெட்டைக் கொடுத்தேன். ஆள் நகரவில்லை.

"துவான், பாலியில இன்னா கீதுன்னு தெரியுமா?"

"என்ன இருக்கு?"

"வயலு கீது. எரும கீது. தென்ன மரம் கீது. கோயிலு கீது. சேவ சண்ட கீது."

"இங்கேயும்தான் அதெல்லாம் இருக்கு."

"அத்தான் நானும் சொல்றேன்! அங்க கீற எருமைய பாக்க வெள்ளக்காரன் கப்பலு கப்பலா வந்துகினு கீறான். நம்ம எரும இன்னா பாவம் பண்ணிச்சு?"

நான் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுக்கத் திரும்பினேன்.

அந்தத் தீவு மக்களைப் பற்றி அவர் சொல்லாத நாள் கிடையாது. காலையில் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவன், சாயங்காலம் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜாவாக ஆடுவானாம். தச்சன் ஏர் செய்த கையால் கருடனைச் செதுக்குவானாம். பெண்கள் நூலை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கித் துணி நெய்வார்களாம். வாய்க்கால் தண்ணீரைப் பங்கு போடுவதற்கென்றே அங்கே தனிக் கோயிலாம். (எங்கள் ஊரில் அந்த வேலைக்கு மண்வெட்டிக் காம்பு இருந்தது.) கப்பல் வந்தால் எல்லாரும் பங்களா வாசலில் கூடிவிடுவார்கள். ஆட்டம் நடக்கும், துணி விற்கும், பொம்மை விற்கும். கப்பல் போனதும் மறுபடி சேற்றில் இறங்குவார்கள். உண்மையில் அந்த வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் வேறு எதைப் பார்க்கப் போனார்கள் என்பது எனக்குப் பிற்பாடு மேலாடையில்லாத பெண்கள் நிறைந்த ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தீவான் கடைசிவரை அதை வாயால் சொல்லவில்லை.

சரி, பாலி தீவாயிற்றே, திருநின்றவூருக்குக் கடல் ஏது? ஏரி நடுவே ஒரு மண்மேடு இருந்தது, எருமைகள் வெயில் காய்கிற இடம். அதைத் தீவு என்று அறிவித்துவிட்டு மேலே ஓலைக்குடிசை போட்டார். கோடையில் தண்ணீர் வற்றியதும் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. துரைகள் நடந்தே தீவுக்குப் போவார்களா என்று கேட்டேன். "அது இன்னும் சவுரியம்தானே துவான்" என்றார்.

படகு செய்தார். பாலிப் படகுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கைகள் நீட்டிக்கொண்டிருக்குமாம். பனைமரத் தோணியில் அவர் மூங்கிலைக் கட்டினார், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. தண்ணீரில் விட்டதும் அது செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு சண்டைச் சேவலைக் கொண்டுவந்தார். எதிராளிச் சேவலைக் கண்டதும் அது பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் ஓடிப் போய், அங்கேயே குழம்பாகிவிட்டது.

இத்தனைக்கும் ஊருக்கு நடுவில் ஒரு பழைய பெருமாள் கோயில் இருந்தது. தூணில் சிற்பம், சுவரில் கல்வெட்டு, ஆழ்வார் பாடின தலம். "இதைக் காட்டுங்களேன்" என்றேன். தீவான் உதட்டைப் பிதுக்கினார். "இது எல்லா ஊர்லயுந்தான் கீது துவான்."

இந்தக் கூத்துக்கெல்லாம் ஆட்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சமையலால்தான். கோழியைத் தேங்காய்ப்பாலில் போட்டு இஞ்சியும் எலுமிச்சை இலையுமாக அவர் கொதிக்க வைத்தால் ஆவடிவரை வாசனை போகும். சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு, வயலில் வேலையில்லாத ஆட்கள் எல்லாரும் ஏரிக்கரையில் கூடினார்கள். அவர்களுக்குத்தான் தீவான் 'சக்-சக்' சொல்லிக் கொடுத்தார்.

அதாவது, பாலியில் ஆண்கள் வெற்று மார்போடு வட்டமாக உட்கார்ந்து, கையை மேலே தூக்கி, 'சக்-சக்-சக்' என்று கத்துவார்களாம். நடுவில் ராமரும் சீதையும் வருவார்கள், கத்துகிறவர்கள் அத்தனை பேரும் குரங்குப் படை.

கோவிந்தன் என்ற குடியானவன் கேட்டான்: "நைனா, நாங்கதான் ஆடி மாசத்துல கூத்து கட்டுறோமே. எனக்கு ராவணன் வேசம் அப்டியே பொருந்தும். அத்த ஆடட்டுமா?"

"கூத்தா? அத்த எவன் பாப்பான்? நீ கொரங்கு, கொரங்கா இரு."

"வெள்ளக்காரன் என்னையும் கொரங்குனு நெனச்சுகினா?"

"நெனைக்கட்டும். அதுக்குத்தான் வரான்."

விடிய விடியக் கூத்தாடக்கூடிய ஊரை இப்படிக் குரங்காக்கிக் கொண்டிருந்தார் மனிதர். ரயில் வரும் நேரத்தில் பக்கத்துக் கரையிலிருந்து 'சக்-சக்' என்று சத்தம் வரும். இஞ்சின் எந்தப் பக்கம் வருகிறது என்று பயணிகள் குழம்புவார்கள்.

ஊரில் அவரை அடியோடு வெறுத்தவர் மணியக்காரர். கிராமத்து வரிவசூலும் அதிகாரமும் அவர் கையில். புறம்போக்கு மேட்டில் குடிசை போட்டதற்காகத் தாசில்தாரிடம் எழுதிப்போடப் போவதாக மிரட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் சண்டையை ஆரம்பித்தது அவருடைய சம்சாரம். பாலியில் காலையில் வாசல்தோறும் சின்ன ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்துச் சாமி கும்பிடுவார்களாம். தீவான் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, ஊரைக் கேட்காமலே எல்லார் வாசலிலும் ஓலைத் தட்டு வைத்துவிட்டார். ஓலை, சோறு, சிவப்புப் பூ! ஊரே அலறியது.

மணியக்காரம்மா துடைப்பத்தோடு தெருவுக்கு வந்துவிட்டாள். "எந்தப் பாவிடா என் வாசல்ல செய்வினை வச்சது? கை ஒடிய!"

"அம்மா, அது செய்வினை இல்ல. சாமிக்கு வச்சது" என்றார் தீவான்.

"எந்த சாமிக்கு?"

"பூமிக்கு."

"பூமி இன்னா உன் ஊட்டு நாயா, வாசப்படியில சோறு வச்சு கூப்புட?"

துடைப்பம் அவர் முதுகில் விழுந்த சத்தம் ஸ்டேஷன்வரை கேட்டது என்று என் மனைவி சொன்னாள். அவளுக்குத் தீவான்மேல் இரக்கம். "பாவம், பசிச்ச முகமா இருக்கு" என்பாள். ஊருக்கே சமைத்துப் போடுகிறவனுக்கு என்ன பசி என்று நான் சீறுவேன்.

அடித்த அதே மணியக்காரம்மா, ஒத்திகை என்ற அந்தக் கண்ணராவியைப் பார்க்க ஒரு நாள் ஏரிக்கரைக்கு வந்தாள். தன் வயலில் வேலை செய்கிற கோவிந்தன் குரங்காக உட்கார்ந்து கத்துவதைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, என் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "கண்ணாலம் ஆனதுலேந்து இப்டி சிரிச்சதில்லடா தீவான்!" என்றாள். மணியக்காரரைப் பார்த்திருந்தால் நீங்களும் அதை நம்புவீர்கள். அன்றிலிருந்து தினமும் ஒத்திகைக்கு வந்துவிடுவாள். கூடவே ஒரு பானை மோரும் வரும். தீவான் எங்களிடமெல்லாம், "நம்ம மொத கெஸ்ட்டு!" என்று பெருமையடித்துக்கொண்டார்.

வெள்ளைக்காரக் கெஸ்ட்டைப் பிடிக்க, பட்டணத்துத் துறைமுக வாசலில் போய் நின்றார். கையில் ஒரு பலகை. அதில் இங்கிலீஷ் எழுதிக் கொடுத்த பாவம் என்னுடையது. 'பாலித் தீவு வரை போவானேன்? இங்கேயே இருக்கிறது' என்பதுதான் வாசகம். பாலித் தீவுக்குப் போகிற வழியில் சரக்கு ஏற்றக் கப்பல் இங்கே நிற்கும். அந்தப் பயணிகளிடம் போய், பாலி போகாதே என்று சொன்னால்? போலீஸ்காரர்கள் துரத்தினார்கள். அடுத்த நாள் மறுபடி போய் நிற்பார்.

ஒரு நாள் நிஜமாகவே சிக்கிவிட்டார்கள். கப்பல் ஒரு நாள் தாமதமாம், பொழுது போகவில்லையாம். மத்தியான ரயிலில் முதல் வகுப்பிலிருந்து சில துரைகளும் ஒரு துரைசாணியும் இறங்கினார்கள். துரைசாணியின் கழுத்தில் பெரிய காமிரா. முன்னால் தீவான், கல்யாண மாப்பிள்ளையைப் போல. மொழிபெயர்க்க நான் வரவேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மாஸ்டரும் தொலைந்துபோ என்று அனுப்பிவிட்டார்.

வெளியே மாட்டு வண்டிகள் தயார். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும், தீவானுக்குத் தெரியாது. அவர் முதல் ரயிலுக்கே பட்டணம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான், சில நாளாக விஷக் காய்ச்சலில் கிடந்த மணியக்காரம்மா கண்ணை மூடினாள். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். துரைகளின் காதில் செம்பருத்தி செருகுவதில் இருந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டிகள் ஏரிக்கரை திரும்பின. எதிரே பறை முழங்கிக்கொண்டு வந்தது.

பூப்பாடையில் மணியக்காரம்மாவை உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். மஞ்சள் பூசின முகம், நெற்றியில் பெரிய குங்குமம். முன்னால் ஆட்கள் ஆடினார்கள், பின்னால் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்தார்கள். தீவானின் குரங்குப் படை முழுக்க அங்கேதான் இருந்தது. பாடையைத் தூக்கியவர்களில் கோவிந்தன் ஒருவன். மணியக்காரர் சட்டையில்லாமல், யாரையும் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

துரைசாணி வண்டியில் எழுந்து நின்றுவிட்டாள். பாலியில் பிணம் எரிக்கிற விழாவைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் போகிறோம், அது இங்கேயே கிடைத்துவிட்டதே என்று துரைகளிடம் கூவினாள். காமிராவைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகவே ஒன்று கேட்டாள். வெளிச்சம் எதிராக இருக்கிறதாம். பாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, இந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்ல முடியுமா?

நான் தீவானிடம் அதைத் தமிழில் சொன்னேன். எனக்கே நாக்குக் கூசியது.

"யாரு துவான் அது?" என்றார். பூவும் மாலையுமாக இருந்ததில் முகம் தெரியவில்லை அவருக்கு.

"மணியக்காரம்மா."

அடுத்த கணம், நான் பார்த்த காட்சியை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஏரி ஓரமாகக் குதித்து ஓடினார். ஓடிப்போய் ஒற்றை ஆளாக, தொண்டை கிழிய, "சக்-சக்-சக்-சக்!" என்று ஆரம்பித்தார். வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். காமிராவும் திரும்பியது.

அவரே ராமர், அவரே சீதை, அவரே குரங்கு. வில்லை வளைத்தார், வெட்கப்பட்டார், கரையோரத்து வேலமரத்தில் ஏறினார். முள் குத்தியதா, வேஷத்துக்காகக் கத்தினாரா தெரியவில்லை, கத்தின கத்தலில் எருமைகள் எழுந்து ஓடின. தலைத்துணி ஒரு கிளையில் தொங்கியது. துரைகள் கைதட்டினார்கள். ஒரே ஒரு துரை மட்டும் தான் கொண்டுவந்திருந்த முக்காலிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு சவ ஊர்வலத்தின் பக்கம் இறங்கினான். தீவான் மரத்திலிருந்து விழுந்து, பாய்ந்து வந்து, அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். துரை முக்காலியோடு வாய்க்காலில் உட்கார்ந்தான். துரைசாணி அதைப் படமெடுத்தாள்.

பிறகு அந்தப் படகில் ஏறினார். அது சுற்றியது. அவர் நின்றுகொண்டே சக்-சக் என்று சுற்றினார். பிறகு மூழ்கியது. தலையில் அல்லி இலையும் வாயில் சேறுமாக எழுந்து மறுபடியும் சக்-சக். துரைசாணி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு, பிலிம் தீர்ந்துபோகும்வரை அவரையே படம் பிடித்தாள். எங்களுக்குப் பின்னால் பறைச் சத்தம் மெள்ள நகர்ந்து, மேற்கே போய் ஓய்ந்தது. வண்டியில் வந்த ஒரு ஆள்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

துரைகள் அடுத்த ரயிலில் போய்விட்டார்கள். போகும்போது துரைசாணி என்னிடம், வேடிக்கைதான், ஆனால் அசல் இல்லை, அசலைப் பாலியில்தான் பார்க்க வேண்டும் என்றாள். துரை வாய்க்காலில் உட்கார்ந்த கதை கப்பல் முழுக்கப் பரவி, அதன்பிறகு துறைமுகத்து வாசல் பக்கமே தீவானை விடவில்லை.

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்து பெஞ்சில் ஈரக் கைலியோடு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் முள் கீறல். எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்யா, இத்தனை மாசம் பட்ட பாடு எதுக்கு? அவங்க பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க. செத்தவங்களுக்குத் தெரியவா போகுது?"

முழங்கையில் தைத்திருந்த ஒரு முள்ளைப் பிடுங்கித் தண்டவாளத்தில் போட்டார்.

"அங்க எனக்கு ஒருத்தி இருந்தா துவான். துணி நெய்வா. காச்சல்ல போயிட்டா. அந்த ஊர்ல மொதல்ல பொதச்சு வச்சுட்டு, அப்பால ஊரா சேந்துகினு, பெரிய திருவிழாவா எரிப்பாங்க. எரிக்கிற அன்னிக்கு கப்பலு வந்துச்சு. தொரைங்களுக்கு அத்த பாக்கணும்னு ஆச. நான்தான் கூட்டிகினு போனேன். அங்கயே டீ ஊத்தி குடுத்தேன். ஒரு தொர, 'கொஞ்சம் நவுரு, படத்துல உன் தல வருது'ன்னான்."

"நீங்க?"

"நவுந்துட்டேன்."



காரியத்துக்கு முந்தின நாள் மணியக்காரர் தானே நடந்து அந்தக் குடிசைக்குப் போனார். தாசில்தார் பேச்சை எடுக்கவில்லை. "நீதான்யா சமைக்கணும். அவளுக்கு உன் கூத்துன்னா உசுரு" என்றாராம். தீவான் சமைத்தார். காரியச் சாப்பாட்டில் சாம்பாருக்கும் தேங்காய்ப்பால் ஊற்றின மகாபாவி உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். எனக்கு வயிறு சரியாக இரண்டு நாள் ஆயிற்று. மணியக்காரர் மட்டும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மழை வந்தது, தீவு ஏரிக்குள் போயிற்று. படகை எவனோ மாட்டுக்குத் தண்ணி காட்ட எடுத்துப் போனான். தீவான் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போக ஆரம்பித்தார். பூந்தமல்லி வரை பெயர் இருந்தது. பந்தியில் யாராவது சிக்கினால், வெள்ளைக்காரன் ஏன் நம் எருமையைப் பார்க்க வருவதில்லை என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார், மனிதர் திருந்தவே இல்லை. எனக்கு மாற்றலாகிவிட்டது. யுத்தத்தின்போது ஒரு மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

போன வருஷம் என் மனைவி காலமானாள். மாம்பலத்து வீட்டு வாசலில் அவளைத் தூக்கும்போது, எதிர்வீட்டு மாடியில் ஜனங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தெருவில் போன கார் ஒன்று நின்றது, கண்ணாடி இறங்கியது. நான் தெருவின் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு குதிக்க ஒருத்தரும் இல்லை.